அறுபத்துநாலு வயதுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம்

கொழும்புக்கு வந்து பத்து நாளாகியும், பஸ்சில் ஏறினால் கடைப் பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நோர்வேக்குப் போன புதிதில், பேர்கன் நகரத்து பஸ்சில் யன்னலோரம் இருந்து, மழைக்குள்ளால் தெரிகிற ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி முணுமுணுத்துத்தான் அந்த மொழியைப் பிடித்தேன். அங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து ஆசனத்தில் ஆள் மயங்கி விழுந்தாலும் கையிலுள்ள புத்தகத்தின் பந்தியை முடித்துவிட்டுத்தான் நிமிர்கிற சனம். இங்கே காலி வீதியில், பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "நோனா, அசனீப்பத?" சுகமில்லையா என்று கேட்கிறார். துருப்பிடித்த என் சிங்களத்தில், வருத்தம் ஒன்றுமில்லை, பலகை வாசிக்கிறேன் என்றேன். அவர் பாவப்பட்டுத் தலையாட்டி, கைப்பையைத் திறந்து ஒரு இஞ்சி டொபியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். செபம் சொல்லுகிறேன் என்று நினைத்தாரோ, மூளை பிசகினவள் என்று நினைத்தாரோ தெரியாது. டொபி நன்றாக இருந்தது.

நான் அன்று வெள்ளவத்தைக்குப் போனது ஒரு புத்தகம் தேடி. கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் அண்ணா அன்ரனுக்கு அறுபத்துநாலு வயது. கொழும்புத் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கணக்கெடுத்த கிளார்க். ஞாயிறு பூசையில் வேதாகமத்தின் முதலாம் வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும் குரல். நான்கு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. கை பழையபடி வந்துவிட்டது, காலும் வந்துவிட்டது, பேச்சும் கொஞ்சம் இழுவையோடு வந்துவிட்டது. வாசிப்பு மட்டும் வரவில்லை. பேனையைக் கொடுத்தால் தன் பெயரை அழகாக எழுதுவார். ஐந்து நிமிடம் கழித்து அதே தாளைக் காட்டினால் அது என்ன என்று அவருக்குத் தெரியாது. "எல்லாம் தெரியுது ரெஜி, ஒண்டும் சொல்லுதில்ல" என்றார் நான் வந்த முதல் நாள். இப்படியும் ஒரு வியாதியா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேர்கனில் நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இதே மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் லோகோபெட், அதாவது பேச்சும் வாசிப்பும் பழக்குகிறவர், மெல்ல மெல்ல அவரைத் தலைப்பு வாசிக்கிற அளவுக்குக் கொண்டுவந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

அண்ணா இதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பங்குப் பாதருக்கு, தொண்டை சரியில்லை என்று சாட்டுச் சொல்லி வைத்திருக்கிறார். ஸ்ரெல்லா அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாசிக்க ஏலாதவன் என்று கோயிலில் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், முன்னம் மூலைக் கடைக்குப் போய் ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிற மனிதன் படலையைத் தாண்டுவதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மூன்று கிழமை லீவில் பத்து நாள் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பிளேன். அதற்குள் இந்த மனிதனை ஒரு வரியாவது வாசிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம். இருந்தால் நிற்க மனமில்லை, நின்றால் இருக்க மனமில்லை.

வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் முதலாளி என் வயதுக்காரர். "ஓம் அக்கா, சொல்லுங்கோ. பிள்ளை எத்தனையாம் ஆண்டு?"

"பிள்ளை இல்லை. பெரிய ஆள். அறுபத்துநாலு வயசு."

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். "என்ன சோதினை எடுக்கப் போறார்?"

"சோதினை ஒண்டுமில்ல. வாசிக்கப் பழகவேணும்."

"அந்தக் காலத்தில படிக்கேல்லையோ?"

"படிச்சவர்தான். வருத்தம் வந்து மறந்துபோச்சு."

"ஐயோ பாவம்" என்றார், உண்மையாகத்தான். பிறகு யோசித்து, "அப்ப இந்த வயசில பழையபடி வாசிச்சு என்ன செய்யப் போறார் அக்கா?" என்றார்.

என்ன செய்யப் போறாரோ! மருந்துப் பெட்டியை வாசிப்பார், பஸ்சின் பெயரை வாசிப்பார், பேப்பரை வாசித்துவிட்டு அரசாங்கத்தை ஏசுவார், மனுசர் செய்கிறதைச் செய்வார் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து தானே அலுமாரிகளைக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் புத்தகங்கள், பார்க்கவே ஆசையாக, வழவழவென்று, நிறம் நிறமாக. அதற்குப் பக்கத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், மலைபோல. மற்றப் பக்கம் உரையோடு கூடிய பழைய இலக்கியங்கள், பக்தி நூல்கள், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அகராதிகள். நடுவில் ஒன்றுமில்லை. பாலர் வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் தமிழில் ஒரு மனுசன் வாழவில்லையா? சண்டையில் பள்ளிக்கூடம் விட்டவர்கள் எத்தனை பேர். பேர்கனிலேயே பிறந்து, முப்பது வயதில் தமிழ் வாசிக்க ஆசைப்பட்டு, முதல் பக்கத்தில் மியாவ் என்று பூனையைக் கண்டு புத்தகத்தை மூடிவைத்த பெட்டைகள் எத்தனை பேர். அவர்களுக்கெல்லாம் எழுத்து மட்டும்தான் புதிது. வாழ்க்கை புதிதில்லை. கடைசியில், வெறுங்கையோடு போக மனமில்லாமல், ஒன்றாம் ஆண்டுக்குரிய வாசிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அது பிழை என்று வாங்கும்போதே தெரியும்.

தெரிந்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அதே பிழையை எனக்கும் ஒருவர் செய்தார். நோர்வேயில் முதல் வருடம், மொழி வகுப்பு முடிந்து நூலகத்துக்குப் போய், எனக்கு வாசிக்க ஏதாவது தாருங்கள் என்று கேட்டேன். என் நொஷ்க்கை, அதாவது நோர்வே மொழியைக் கேட்ட பெண், சிரித்த முகத்தோடு முள்ளம்பன்றிப் படம் போட்ட ஒரு புத்தகத்தைத் தந்தாள். முள்ளம்பன்றி தொப்பியைத் தொலைத்துவிட்டது. நான் ஊரை, வேலையை, உரிமையை எல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறேன், இதற்குத் தொப்பி ஒரு கவலை! வீட்டில் வாசிக்கும்போது பாலர் பள்ளிக்குப் போகும் என் மகன் பக்கத்தில் இருந்து என் உச்சரிப்பைத் திருத்தினான். அன்றைக்கு நான் அழுதேன். அடுத்த கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வேறொரு வயதான பெண் இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாளோ, புத்தகத்தைப் பார்த்தாளோ, ஒன்றும் கேட்காமல் என்னை வேறொரு தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 'லெட்லெஸ்ட்' என்று எழுதியிருந்தது. இலகுவாக வாசிக்கக்கூடியது என்று பொருள். பெரிய எழுத்து, சின்ன வசனம். ஆனால் கதை, மனைவி செத்தபிறகு சமைக்கப் பழகும் ஒரு மீன்பிடிகாரனைப் பற்றியது. நான் முதன்முதலில் முழுதாக வாசித்து முடித்த நொஷ்க் புத்தகம் அது. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அவனுக்காகவும் அழுதேன். அந்த அழுகை வேறு.

இதையெல்லாம் அனுபவித்தவளே அண்ணாவின் முன்னால் போய் முயல் படத்தை விரித்தேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முயல் கரட் தின்னும். அது எனக்குத் தெரியும். வாசிச்சு அறியவேண்டிய விசயமில்ல. நான் கப்பல் கப்பலா எண்ணினவன், பிள்ளை. எனக்கு முயல் காட்டுறியோ?"

புத்தகத்தை மூடி, மெதுவாக, கதிரைக்குக் கீழே வைத்தார். வீசி எறிந்திருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறேன். முன் அறையில் அண்ணாவின் குரல், அந்தப் பழைய கோயில் குரல்: "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட..." பெயரில் கொஞ்சம் மென்று விழுங்கினார். பிறகு, "அன்னார், காலஞ்சென்றவர்களான தம்பதிகளின் அன்பு மகனும், பாசமிகு தந்தையும் ஆவார். இவ் அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." திருவலையை விட்டு ஓடினேன். மடியில் பேப்பர். மரண அறிவித்தல் பக்கம். கண்ணாடி மூக்கில். விரல் வரியில். "அண்ணா, வாசிக்கிறியள்!" என்று கத்தினேன். அவரும் என்னை நிமிர்ந்து பார்த்து, ஒரு சின்னப்பிள்ளையைப்போல முகமெல்லாம் சிரித்தார். ஸ்ரெல்லா அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். பேர்கனில் இருக்கிற என் மனிசனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அதோடு நின்றேனா? பின்னேரம் கோயிலடியால் போனபோது பாதர் எதிரில் வர, வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாவுக்குத் தொண்டை சரி பாதர், நல்லா வாசிக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். இளம் பாதர். சந்தோசப்பட்டு, "அப்ப இந்த ஞாயிறு முதலாம் வாசகம் அன்ரன் அங்கிளுக்குத்தான்" என்றார்.

புதன்கிழமை பேப்பர் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். பக்கத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். கழுத்துப்பட்டி கட்டின ஒருவரின் படத்தில் அண்ணாவின் விரல் நின்றது. "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட..." என்று தொடங்கினார். பெயரில் மறுபடியும் மென்று விழுங்கி, கடைசி வரைக்கும் போனார். "பாவம், இளம் ஆள்" என்றார் முடிவில். நான் எட்டிப் பார்த்தேன். அது வெள்ளவத்தையில் புதிதாகக் கட்டும் தொடர்மாடி வீடுகளுக்கான விளம்பரம். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் வீடு விற்கிற தரகர்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வெட்கத்தோடு சொல்லுகிறேன், சிரித்தேவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இந்தத் தீவில் எந்தத் தமிழ் வீட்டில்தான் அந்த வாசகம் பாடமில்லை? ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பேப்பரில் பார்த்துப் பார்த்து, இப்போது பேர்கனில் காலையில் போனைத் திறந்ததும் அதைத்தான் முதலில் தேடுகிறோம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அண்ணா வாசிக்கவில்லை. படத்தைக் கண்டதும் நெஞ்சில் கிடந்தது வாயில் வந்திருக்கிறது. அவருக்கும் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"நான் பொய் சொல்லேல்ல, ரெஜி" என்றார். "வாசிக்கிறன் எண்டுதான் நானும் நினைச்சனான்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "பாதருக்குச் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அண்ணா."

"நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். இந்தத் தெருவில முகத்தைக் காட்டவேண்டியவன் நான்."

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, எல்லாவற்றையும் இரண்டு கிழமையில் திருத்திவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற சாதி நாங்கள். உடைத்துவிட்டுப் போனால் ஒட்ட வைக்கிறவர்கள் இங்கே இருக்கிறவர்கள். ஸ்ரெல்லா அண்ணி ஒரு வழி சொன்னார்: "நான் வாசகத்தை வாசிச்சுக் காட்டுறன், நீங்கள் ஞாயிறுக்கிடையில பாடமாக்குங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?" அண்ணா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "பாடமாக்கினதாலதானே இந்த வில்லங்கம்."

அன்று பின்னேரம் முழுக்க நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அந்த இரண்டு அறிவித்தல்களும் காதில் திரும்பத் திரும்ப ஓடின. அப்போதுதான் பிடிபட்டது. மற்றதெல்லாம் தண்ணீராய் ஓடிய இடத்தில், பெயரில் மட்டும் அவர் மென்று விழுங்கினார். பெயர் பாடத்தில் இல்லை. பெயரை வாசித்துத்தான் ஆகவேண்டும். பேர்கனில் லோகோபெட் செய்ததும் நினைவுக்கு வந்தது. அந்தக் கிழவரின் கையைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தை விரலால் மேசையில் எழுத வைப்பாள். கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. அண்ணாவுக்கும் கை எழுதுகிறதே!

வியாழக்கிழமை ஒரு பெரிய கொப்பி வாங்கினேன், ஒரு தடித்த பேனையும். பக்கத்துக்கு ஒரு மரண அறிவித்தல் எழுதினேன். வாசகம் வழமையான வாசகம். பெயர் மட்டும் மாறும். முதல் பக்கத்தில் நான் சாகடித்தது மூலைக் கடைக்காரரை.

அண்ணா வரியில் விரலை வைத்து, தன்பாட்டில் ஓடி வந்து, பெயரில் முட்டி நின்றார். "இதை மடியில எழுதிப் பாருங்கோ" என்றேன். பார்த்துப் பார்த்து, விரலால் உடுத்திருந்த சாரத்தில் எழுதினார். "ம... ரி... ய..." என்றார். நெற்றி வியர்த்தது. "மரியதாஸ்! எட, மூலைக் கடை மரியதாஸ்!"

"ஓம். இறந்துபோனார்."

அண்ணா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஸ்ரெல்லா அண்ணி ஓடி வந்து கொப்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "உயிரோட இருக்கிற ஆக்களுக்கு இப்பிடி எழுதுறதோ! விளக்கு வைக்கிற வீட்டில! ரெஜி, உமக்குப் புத்தி கெட்டுப்போச்சே?" அண்ணா கேட்கவில்லை. "அடுத்தது ஆர்? அந்த மாளிகாவத்தை வீட்டுப் புறோக்கரைப் போடு. மூண்டு மாசம் அலைக்கழிச்சவன்." அன்றும் மறுநாளும் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரை நாங்கள் இருவரும் புதைத்தோம். சிலதை அவர் வாசித்தார், சிலதை ஏலாது என்று தாண்டினார். ஒரு பெயருக்கு ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்தது. ஆனாலும் அது வாசிப்பு. முயல் இல்லாத, சோதினை இல்லாத, ஒரு பெரிய மனுசனுக்கான வாசிப்புப் புத்தகம். தமிழில் அது கடையில் இல்லாதபடியால் நாங்களே எழுதினோம். எனக்கு இப்போதும் அதில் கோபம்தான்.

சனிக்கிழமை காலை அண்ணா சேட் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். நான் பின்னால் போனேன். பாதரின் அறை வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "பாதர், எனக்குத் தொண்டையில ஒரு குறையுமில்ல. வாசிக்க ஏலாது. வருத்தத்தோட போட்டுது. தங்கச்சி ஆசையில சொல்லிப்போட்டா. முதலாம் வாசகத்தை வேற ஆருக்கும் குடுங்கோ. பூசை துவங்கமுந்தி இறந்த ஆக்களின்ர பேர் வாசிக்கிறதுதானே, அதை எனக்குத் தாங்கோ. பேர் எண்டால் கொஞ்சம் ஏலும்."

ஞாயிறு, ஐந்து பெயர்கள். இடது கை தாளில், வலது கை விரல் வாசக மேடையின் பலகையில் எழுதிக்கொண்டிருந்தது. கோயில் நிறையச் சனம். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் விசிறிகளின் சத்தம் மட்டும். யாரோ ஒருவர் இருமினார். எனக்கு எழுந்து ஓடிப்போய் வாசித்துக் கொடுக்கவேண்டும் போல் இருந்தது. அண்ணி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்கு பெயர்கள் வந்தன. மூன்றாவது வரவேயில்லை. பார்த்தார், எழுதினார், பார்த்தார், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பூசை முடிந்து படியில் அந்த மூன்றாவது ஆளின் மனைவி காத்துக்கொண்டு நின்றார். "என்ர மனிசன்ர பேரை ஏன் விட்டனீங்கள்?" அண்ணா எல்லோருக்கும் கேட்கக்கூடிய அந்தக் குரலிலேயே சொன்னார். "குறை நினையாதேங்கோ அம்மா. எழுத்துப் பிடிபடேல்ல. அடுத்த கிழமை கட்டாயம் வாசிப்பன்." அந்த அம்மா மனிசனின் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வான் வருவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம். பெட்டி வாசலில். அண்ணா கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தார். "எல்லாரையும் போட்டாச்சு. உன்ரதைக் காணேல்ல. எழுது பாப்பம்." அண்ணி குசினிக்குள் இருந்து "ஐயோ, பயணம் போற நேரத்திலயோ!" என்று கத்தினார். நான் சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தேன். 'ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும்' என்பது சுலபமாக வந்தது. எங்கள் குடும்பம் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த சொல்லில் கை நின்றது. இத்தனை நாளில் பேனை எனக்கு நின்றது அப்போதுதான். கொட்டாஞ்சேனையில் நான் வாழ்ந்தது பதினைந்து வருடம். அங்கே முப்பதுக்கு மேல். வீடு அங்கே, வேலை அங்கே, பிள்ளை அங்கே. உண்மையை எழுதினேன். கொப்பியை மூடிக் கொடுத்தேன்.

அண்ணா கண்ணாடியைச் சரிசெய்து, விரலை வைத்துத் தொடங்கினார். "ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையை..." என்று பழக்கத்தில் ஓடினவர் சட்டென்று நின்றார். திரும்பி வந்தார். எழுத்தைப் பார்த்தார். மடியில் விரல் அசைந்தது. "பே... ர்..."

நான்கு மாதத்தில் முதன்முறையாக, பாடத்தில் ஓடிய தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திரும்பி வந்திருக்கிறார். இதற்காகத்தானே நான் இந்த மூன்று கிழமையும் பேயாய் அலைந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் மனம் கிடந்து கெஞ்சியது வேறு. அண்ணா, விடுங்கோ. முந்திச் சொன்னதே சரி. பிழையாகவே வாசியுங்கோ.

"பேர்கனை வதிவிடமாகவும் கொண்ட" என்றார் அண்ணா, தெளிவாக. பிறகு நிமிர்ந்து, "சரிதானே?" என்று கேட்டார்.

"சரி, அண்ணா" என்றேன்.